சீட்டி அடித்த பிள்ளைக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மா அப்பாக்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் என் பேத்தியின் நாட்குறிப்பில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்திருந்தது. "வகுப்பில் விசில் அடித்தாள். பெண் பிள்ளைக்கு ஏற்ற பழக்கம் இல்லை. கண்டிக்கவும்." அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அவள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். மகளும் மருமகனும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் இந்த மாதிரிக் கையெழுத்தெல்லாம் நான்தான் போடுவது வழக்கம். அன்றைக்குப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த விசிலை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. அந்த ஆசிரியை மீது எனக்குக் கோபமும் இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவருக்கு நடுவில் ஒரு சீட்டிச் சத்தம் எவ்வளவு இடைஞ்சல் என்று எனக்குத் தெரியும். குறிப்பின் முதல் வாக்கியம் சரி. இரண்டாவது வாக்கியத்தைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அதே வாக்கியத்தை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் என் அப்பாயி வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

நான் வளர்ந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம், வாய்க்கால் கரையில் ஒரு கிராமம். 1973-ல் ஐந்தாம் வகுப்பு. அப்போது எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ரேடியோ கிடையாது. பஞ்சாயத்து ரேடியோ சாயங்காலம் கொஞ்ச நேரம் பாடும், அப்புறம் நிறுத்திவிடுவார்கள். மற்ற நேரத்துக்கான பாட்டையெல்லாம் நாங்கள்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குக் காசு வேண்டாம், கடை வேண்டாம். ஒரு பூவரசு போதும்.

பூவரசம் பீப்பீ செய்வதற்கு இலை பார்த்துப் பறிக்கத் தெரிய வேண்டும். தளிர் இலை ஊதும்போதே துவண்டுவிடும். முற்றல் இலை சுருட்டும்போது வெடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில், பளபளப்பு போகாத இலையாக எடுத்து, காம்பைக் கிள்ளிவிட்டு, ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் ஒரு முனையை விரலால் லேசாக நசுக்கித் தட்டையாக்கி உதட்டுக்குள் வைத்து ஊதினால், இலையின் மடிப்புகள் ஒன்றோடு ஒன்று அதிர்ந்து சத்தம் வரும். பெரிய இலையாக இருந்தால் எருமைக் கன்று கத்துகிற மாதிரி தடித்த குரல். சின்ன இலையை நெருக்கிச் சுருட்டினால் கீச்சென்று சன்னமான குரல். நாலு பேர் நாலு அளவில் செய்து வைத்துக்கொண்டால் ஒரு கச்சேரியே நடத்தலாம், நடத்தியிருக்கிறோம். பொம்மைக் கல்யாணம் என்றால் தென்னை ஓலையைக் கூம்பாகச் சுற்றி நாதசுரம் செய்வோம். ஒரு பையன் தகர டப்பாவில் தவில் வாசிப்பான். மாப்பிள்ளை பொம்மைக்கும் பெண் பொம்மைக்கும் எங்கள் தெருவில் கிடைத்த மாதிரி மேளதாளம் வேறு எங்கேயும் கிடைத்திருக்காது.

ஆடி மாதம் மழை பெய்தால் குப்பைமேட்டில் வீசின மாங்கொட்டை முளைவிடும். மேல் ஓட்டைப் பிளந்து உள்ளே இருக்கும் பருப்பை எடுத்து, அதன் ஒரு முனையைக் கருங்கல்லில் தேய்ப்போம். இரண்டு பருப்புக்கும் நடுவில் மெல்லிய இடுக்கு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் போச்சு. ஊதும்போது நாக்கெல்லாம் துவர்க்கும். அந்தத் துவர்ப்பு இப்போதும் நினைத்தால் நாக்கில் வருகிறது. பப்பாளி இலையின் காம்பில் ஒரு கீறல் போட்டாலும் ஊதல்தான். பேனா மூடியைக் கீழ் உதட்டில் வைத்துக் குறுக்கே ஊதினால் அதுவும் பாடும். திருவிழாக் கடையில் தண்ணீர் ஊற்றி ஊதுகிற குருவி விசில் விற்பார்கள், குருவி மாதிரியே குலுங்கிக் குலுங்கிக் கத்தும். அதை வாங்குவதற்காக ஒரு வருஷம் காத்திருப்போம். வாங்கின மறுநாளே அது உடைந்துபோகும்.

இதெல்லாம் ஆண் பிள்ளை பெண் பிள்ளை எல்லாருக்கும் பொது. வாயால் அடிக்கிற சீட்டி மட்டும் ஆண் பிள்ளைகளின் சொத்தாக இருந்தது.

என் அண்ணன் வயலிலிருந்து திரும்பும்போது மதகு மேல் ஏறினதும் ஒரு சீட்டி விடுவான். முதலில் நீளமாக ஒன்று, அப்புறம் மேலே போய் வெட்டினாற்போல் ஒன்று. அது கேட்டதும் அம்மா குழம்பை அடுப்பில் ஏற்றுவார். இருட்டில் யார் வருகிறார்கள் என்று முகம் தெரியாது, சீட்டியை வைத்தே சொல்லிவிடுவோம். ஒவ்வொருவனுக்கும் ஒரு சீட்டி. கீழத்தெருப் பையன் ஒருவன் எந்தச் சினிமாப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் போதும், மறுநாள் எருமை மேல் உட்கார்ந்துகொண்டு அதை முழுசாகச் சீட்டியிலேயே பாடுவான். அப்பா மாடுகளைத் தொட்டிக்கு ஓட்டிக்கொண்டு வந்ததும் வேறொரு சீட்டி அடிப்பார். காற்றும் சத்தமும் கலந்த, தாழ்ந்த சீட்டி. மாடு தலையைக் குனிந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கும். அது குடித்து முடிகிற வரைக்கும் அப்பா நிறுத்தமாட்டார். வாயில்லாத ஜீவனோடு அவர் பேசின பேச்சு அது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு அது வேண்டும் என்று தோன்றிவிட்டது. வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்று உதட்டைக் குவித்து ஊதுவேன். வெறும் காற்றுதான் வரும். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போனது. தை மாதத்தில் ஒருநாள் அம்மா பனங்கிழங்கு அவித்துக் கொடுத்தார். சூடு பொறுக்காமல் ஊதி ஊதித் தின்றபோது, உதடும் நாக்கும் எப்படியோ சரியான இடத்தில் நின்று, ஒரு கீற்றுப் போல சத்தம் வந்தது. அடுத்த ஊதலிலும் வந்தது. கிழங்கைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, அண்ணனின் சீட்டியை அப்படியே அடித்தேன். அண்ணன்தான் வந்துவிட்டான் என்று நினைத்து அம்மா உள்ளே குழம்பைச் சூடு பண்ணப் போய்விட்டார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அப்பாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தது. எழுந்து வந்து வாயிலேயே ஒன்று வைத்தது. "பொட்டப் புள்ள சீட்டி அடிச்சா வீடு வெளங்குமா?" அதோடு, பொழுது சாய்ந்த பிறகு சீட்டி அடித்தால் பாம்பு வரும் என்றும் ஒரு பயம் காட்டியது. பாம்புப் பயம் எனக்குச் சீக்கிரமே போய்விட்டது, அண்ணன் தினமும் இருட்டில்தானே அடிக்கிறான்? பாம்புக்குக் கேட்பதெல்லாம் பெரும்பாலும் தரையின் அதிர்வும் தாழ்ந்த ஒலிகளும்தான், உச்சத்தில் போகிற சீட்டி அதன் செவிக்கு எட்டுவதே கடினம் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த முதல் பயம் போகவில்லை. அதற்குப் பிறகு பம்புசெட் ஓடும்போது அதன் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு மட்டும் அடிப்பேன். பெரிய மனுஷி ஆன பிறகு அதுவும் நின்றுபோனது. கல்யாணம், குழந்தை, வேலை என்று நாற்பது வருஷம் என் வாயிலிருந்து ஒரு சீட்டி வரவில்லை. பேத்திக்கு ஐந்து வயதில் ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தானாக வந்தது. அவள் ஓடி வந்து, "அம்மாச்சி, அது எப்படி?" என்று கேட்டாள்.

பல் விழுந்து முளைக்கிற வரைக்கும் காத்திருந்து கற்றுக்கொண்டாள். நாக்கின் நுனியைக் கீழ்ப்பல்லின் பின்புறம் வைக்கச் சொன்னேன். நாக்கை முன்னால் தள்ளினால் வாய்க்குள் இருக்கிற இடம் சின்னதாகி சத்தம் மேலே போகும், பின்னால் இழுத்தால் இடம் பெரிதாகி சத்தம் கீழே வரும் என்று அவளே கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள். நீங்கள் அறிவியல் வகுப்பில் ஒலி பற்றி நடத்தும்போது சொல்வதும் இதுதானே? பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வாயில் ஊதினால், தண்ணீர் ஏற ஏற காற்றுக்கு இருக்கிற இடம் குறைந்து சுருதி கூடும். பேனா மூடியில் நடப்பதும் அதுவே. அந்தப் பாடத்தை என் பேத்தி புத்தகம் திறப்பதற்கு முன்பே தன் வாயாலேயே படித்துவிட்டாள். அதற்கு நாட்குறிப்பில் ஒரு நல்ல வார்த்தை வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இது ஏதோ பட்டிக்காட்டுப் பழக்கம், நாகரிகம் இல்லாதது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கேனரித் தீவுகளில் லா கோமெரா என்று ஒரு தீவு இருக்கிறது. செங்குத்தான பள்ளத்தாக்குகள். இந்த மலையில் இருக்கிறவர் அந்த மலையில் இருக்கிறவரிடம் பேச இறங்கி ஏறினால் பாதி நாள் போய்விடும். அதனால் அங்கே மேய்ப்பர்கள் சீழ்க்கையிலேயே பேசினார்கள். ஸ்பானிய மொழியின் 5 உயிரொலிகளுக்கு 2 சீழ்க்கைகள், மெய்யொலிகளுக்கு 4 சீழ்க்கைகள், அவ்வளவுதான். அதை வைத்து எந்தச் செய்தியையும் சொல்லிவிடலாம். ரோடும் போனும் வந்த பிறகு அது அழிகிற நிலைக்கு வந்தது. அங்கே இருந்தவர்கள் செய்தது என்ன தெரியுமா? 1999-ல் அதைப் பள்ளிப் பாடமாக ஆக்கினார்கள். ஆண் பிள்ளை பெண் பிள்ளை இருவருக்கும். 2009-ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. துருக்கியின் கருங்கடல் பக்கத்து மலைகளில் 'பறவை மொழி' என்று ஒரு சீழ்க்கை மொழி உண்டு. உடனே காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் 2017-ல் அது சேர்ந்தது. நம் நாட்டிலேயே மேகாலயாவில் கொங்தொங் என்ற கிராமத்தில், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் தாய் ஒரு மெட்டுக் கட்டுகிறாள். அந்த மெட்டுதான் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பெயர். காட்டுக்குள் தூரத்தில் இருக்கும்போது அதை நீட்டிக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவள் அங்கே தாய்தான் என்பதைக் கவனியுங்கள்.

நம்மிடமும் குறைவில்லை. சங்கப் பாட்டில் சீழ்க்கைக்கு வீளை என்று பெயர். மழைக்கால முல்லை நிலத்தில் கோலை ஊன்றிக்கொண்டு தனியாக நிற்கிற இடையன், வாயை மடித்து விடுகிற வீளை கடிதாகப் போய் ஒலிக்க, ஆட்டுக்குட்டியைப் பிடிக்கப் பதுங்கியிருந்த குறுநரி வெருண்டு முள்தூற்றுக்குள் ஓடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு நெருக்கமான பழைய சத்தம் அது. எங்கள் அண்ணன் மதகில் நின்று அடித்ததும் அதே சத்தம்தான். எங்கள் ஊர்க் குளத்தில் கூட்டமாக இறங்குகிற வாத்து இனத்துக்குத் தமிழில் சீழ்க்கைச் சிறகி என்று பெயர், இரவில் வீட்டுக்கு மேலே பறந்துபோகும்போது சீட்டி கேட்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கரையில் இருக்கிற சீகாரப் பூங்குருவி விடியும் முன்பே, யாரோ ஒரு பையன் கவலையில்லாமல் நடந்துகொண்டே சீட்டி அடிக்கிற மாதிரி பாடும். அதனால் அதற்கு ஆங்கிலேயர்கள் 'சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன்' என்றே செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றாலே சீட்டி அடித்துக்கொண்டு போகிறவன் என்றுதான் ஊருக்கே தோன்றியிருக்கிறது.

நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. தெருமுனையில் நின்றுகொண்டு போகிற வருகிற பெண்களைப் பார்த்து விசில் அடிக்கிற கும்பல் எங்கள் காலத்திலும் இருந்தது. பதினாறு வயதில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற வழியில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து நான் சுற்றுப்பாதையில் நடந்திருக்கிறேன். 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் உயிர் போன பிறகுதான் பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அந்த விசிலை யாரும் எந்தக் காலத்திலும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. கண்டிப்பாகத் தண்டிக்க வேண்டும். ஆனால் அந்தக் குற்றத்தைச் செய்தவன் ஆண். அதற்காகச் சீட்டி அடிக்கும் உரிமையை இழந்தவள் பெண் பிள்ளை. இது எனக்கு அப்போதே நியாயமாகப் படவில்லை. ஒரு சத்தத்தைக் கேட்டுப் பயந்து நடுங்கின பிள்ளைகளின் கையில் அதே சத்தத்தைக் கொடுத்துப் பாருங்கள். அது அவர்களுக்கு விளையாட்டாகவும் பாட்டாகவும் மாறும், தேவைப்படும்போது உதவிக்கு ஆள் கூப்பிடுகிற கருவியாகவும் மாறும். விரலை மடித்து வைத்து அடிக்கிற சீட்டி எவ்வளவு தூரம் போகும் என்று உடற்கல்வி ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்குச் சத்தத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை. கிரிக்கெட் மைதானத்தில் ஆயிரக்கணக்கில் பிளாஸ்டிக் விசில் ஊதுகிறார்கள். சமையலறையில் மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கிறோம். பிள்ளைகள் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு உலகத்துப் பாட்டையெல்லாம் கேட்கிறார்கள். ஆனால் பேத்தியின் வகுப்பில் எத்தனை பேருக்குச் சீட்டி அடிக்கத் தெரியும் என்று விசாரித்தேன். மூன்று பையன்கள், இவள் ஒருத்தி. பூவரசம் பீப்பீ செய்யத் தெரிந்தவர்கள் ஒருவர்கூட இல்லை. இலை எது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

அதனால் உங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன்.

வாரத்தில் ஒரு விளையாட்டு வகுப்பில் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மைதானத்தில், மரத்தடியில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில். பாடம் நடக்கும்போது அடிக்கக் கூடாது, யாரையும் பார்த்து அடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம் என்று மொத்தமாகச் சொன்னால் என்னை மாதிரி பம்புசெட் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். ஊரில் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறோம். மாங்கொட்டையில் ஊதல் செய்யத் தெரிந்த தாத்தாக்கள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் சந்தோஷமாக வருவார்கள்.

இன்னொன்று, பூவரசு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த அந்த ஒரே இரவில் எங்கள் பக்கத்தில் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. தென்னை போனதை எல்லாரும் பேசினோம், பேச வேண்டியதுதான், அது பிழைப்பு. ஆனால் நான் படித்த பள்ளியின் வேலி ஓரத்துப் பூவரசும் அன்றைக்குத்தான் போனது. அந்த இடத்தில் இப்போது சிமெண்டுத் தரை. பூவரசை வளர்ப்பதில் ஒரு சிரமமும் இல்லை. போத்து வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும், உப்புக் காற்றையும் தாங்கும். காலையில் மஞ்சளாக இருக்கிற பூ வாடும்போது சிவந்துபோகும். நிழல் தரும். இலையில் கொழுக்கட்டை அவிக்கலாம். ஒரு பள்ளிக்கு ஒரு மரம் போதும், அது வளர்ந்துவிட்டால் வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் காசில்லாமல் பீப்பீ கிடைத்துக்கொண்டே இருக்கும்.

போத்துக்கு நீங்கள் அலைய வேண்டாம். எங்கள் தம்பி வீட்டுக் கொல்லையில் இரண்டு மரம் புயலுக்குத் தப்பி நிற்கிறது. புரட்டாசி மழைக்கு முன்னால் சொல்லி அனுப்புங்கள், நானே வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். அப்படியே ஒரு மணி நேரம் இருந்து, எந்த இலையைப் பறிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டும் போகிறேன்.

நாட்குறிப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "வகுப்பில் இனி அடிக்க மாட்டாள். வீட்டில் அடிக்கிறாள், நான்தான் கற்றுக்கொடுத்தேன்."

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மாச்சி,
தஞ்சாவூர்